நாலாம் பாரத்தில் தச்சு எடுத்தேன்

நாலாம் பாரத்தில் ஏதாவது ஒரு தொழில் பாடம் எடுக்க வேண்டும் என்றார்கள். கணக்குப் பதிவு, டைப்ரைட்டிங், தச்சு வேலை என்று மூன்று இருந்தன. ஸ்ரீரங்கத்திலிருந்து டவுனுக்குப் படிக்கப் போன பையன்கள் எல்லோரும் முதல் இரண்டில் ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். நான் தச்சு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. கோபம் வந்தால் அவருக்குக் குரல் இறங்கிவிடும்.

"நம்மாத்துல யாருடா உளி பிடிச்சிருக்கா?" என்றார் மெதுவாக.

"நேக்கு அதுதான் பிடிச்சிருக்கு, அப்பா."

உண்மை அதுதான். பள்ளிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் பெரிய பையன்கள் வேலை செய்வதை ஜன்னல் வழியாகப் பல நாள் பார்த்திருந்தேன். ஆணி இல்லாமல் ஒரு கட்டை இன்னொன்றுக்குள் போய்க் கச்சிதமாக உட்காரும். அதை நானும் செய்துவிட வேண்டும் என்று ஆசை.

"ஒரு வருஷம் போகட்டுமே. அலுத்துப்போனா அவனே மாத்திப்பான்" என்று அம்மா சொன்னதால் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

பள்ளிப் பட்டறையில் என்னோடு ஒரே மேஜையில் நின்றவன் லால்குடிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பையன். காலை ரயிலில் அவன் முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருப்பான்; ஸ்ரீரங்கத்தில் நான் ஏறிக்கொள்வேன். முதல் ஒரு மாதம் மரத்தை வழவழப்பாக்க இழைப்புளி தள்ளுவது மட்டும்தான் பாடம். எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போல் வலித்தது.

"கையால தள்ளாதப்பா, இடுப்பால தள்ளு" என்று அவன் சிரித்தான். "ஏர் புடிச்சிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்."

அவனுக்கு அளந்து குறி போடுவது மட்டும் கைவரவில்லை. அதனால் நான் கோடு போட்டேன், அவன் அறுத்தான். வாத்தியார் இதைக் கண்டுபிடித்து, இரண்டு பேரும் தனித்தனியாக ஆளுக்கொரு முக்காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். என் முக்காலியில் துளைகள் பெரிதாகிப்போய்க் கால்கள் ஆடின. தீபாவளி லீவில் வீட்டில் பழகிக்கொண்டு வா என்று வாத்தியார் அந்த முக்காலியோடு உளியும் இழைப்புளியும் கொடுத்தனுப்பினார்.

அந்த ஐப்பசியில் விடாமல் மழை. லீவின் மூன்றாம் நாள் காலையில் பெருமாள் உள்ளின், அதாவது பூஜையறையின், கதவு திறக்கவில்லை. மரம் ஈரத்தில் ஊதி நிலையோடு இறுகிவிட்டது. அப்பா தோளால் முட்டிப் பார்த்தார். எதிராத்து மாமா வந்து, கோடாலியால் இரண்டு போடு போட்டால்தான் திறக்கும் என்றார். அப்பாவுக்கு மனசு வரவில்லை. தளிகை ஆகி, சமைத்ததெல்லாம் காத்திருந்தது. உள்ளே பெருமாளுக்குத் திருவாராதனப் பூஜை ஆகாமல் யாரும் வாயில் தண்ணீர்கூட விடமுடியாது. என் தங்கை பசி பசி என்று அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு தபால் கார்டை எடுத்துவந்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவே மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் நுழைந்தது. மேல் மூலையில் ஒரு சாண் அளவு மட்டும் நுழையவில்லை.

"இங்கதான் பிடிக்கறது. செதுக்கட்டுமா, அப்பா?"

அப்பா என்னையும் கையிலிருந்த உளியையும் பார்த்தார். "நீ காலம்பற தீர்த்தமாடியாச்சு. பல பேர் கைபட்ட அந்த உளி?"

"அதுமேலயும் ரெண்டு சொம்பு ஜலம் விட்டாப் போறது" என்று அம்மா விட்டே விட்டாள். துருப்பிடிக்குமே என்று எனக்குத்தான் பதைப்பு.

முக்காலிமேல் ஏற அப்பா விடவில்லை. அது ஆடும் என்று அவருக்குத் தெரியும். மாமா வீட்டு ஸ்டூலைக் கொண்டுவரச் சொல்லி, தானே அதைப் பிடித்துக்கொண்டார். மெல்லிசாக, சீவல் சீவலாக எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மாமா கீழே கைவைத்துத் தள்ள, கதவு ஒரு முனகலோடு உள்ளே போயிற்று. எங்கேயும் ஒரு சிராய்கூடப் பெயரவில்லை.

அப்பா உள்ளே போய் விளக்கேற்றினார். சாப்பிட்டானதும், "அந்தக் கதவைக் கழட்டி முழுக்க இழைச்சுடு. நான் ஒரு பக்கம் பிடிச்சுக்கறேன்" என்றார். சாயங்காலம் வரை இரண்டு பேரும் கூடத்தில் சுருள் சுருளான மரச்சீவல் நடுவே உட்கார்ந்திருந்தோம். இந்த மரம் தேக்கா, வேங்கையா என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, வாத்தியாரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடிந்ததும் லால்குடிச் சிநேகிதனும் நானும் சேர்ந்தே பொன்மலை ரயில்வே பட்டறைக்கு மனுப் போட்டோம். இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார்கள். ரயில் பெட்டிகளுக்கு மரச் சட்டமும் பலகை இருக்கையும் செய்வது வேலை. உறவுக்காரர்கள் கேட்டால் அப்பா, "பையன் ரயில் பண்றான்" என்பார். அதை நான் திருத்தியதில்லை. சிநேகிதன் இரண்டு வருஷத்தில் நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பினான். பிறகு அங்கேயே வண்டி செய்யவும் ஆரம்பித்தான். நான் பொன்மலையிலேயே இருந்துவிட்டேன். தினமும் காலையில் அந்தப் பட்டறை வாசலுக்குள் சந்தோஷமாகவே நுழைந்தேன்.