அக்கா அலசாத விரிப்பு

என் அக்காவுக்குச் சலவைக்கடையில் கறை எடுக்கும் வேலை. மை, எண்ணெய், துரு, எதுவானாலும் அவள் மேசைக்கு வந்தால் போன இடம் தெரியாது. என் சட்டையில் பேனா கசிந்தால், திட்டுவதற்கு முன்பே சட்டையைப் பிடுங்கிவிடுவாள்.

மூன்றாம் மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்தது. கருப்பையைச் சுத்தம் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதோடு நின்றிருக்க வேண்டிய ரத்தம் நிற்கவில்லை. சில நாள் ஒன்றுமே இருக்காது. திடீரென்று குழாயைத் திறந்துவிட்டதுபோல் கொட்டும். பிறகு தானாக அடங்கிவிடும்.

ஒவ்வொரு முறையும் டாக்டரம்மாவிடம் ஓடுவோம். கிளம்பும் முன் அக்கா என்ன செய்வாள்? குளிப்பாள். எல்லாத் துணியையும் அலசிக் காயப்போடுவாள். தலைவாரி, இஸ்திரி போட்ட உடையில் போய் உட்காருவாள்.

"எவ்வளவு போகுது?"

"கொஞ்சந்தான் டாக்டர்."

கொஞ்சமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறந்தால் அம்மா தொடையில் கிள்ளுவாள். மாமாவோ, தன் பெண்டாட்டி விஷயம் இல்லை என்பதுபோல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியில், ஸ்கேனில் ஏதோ கருப்பாகத் தெரிகிறது, உள்ளே மிச்சம் தங்கியிருக்கலாம், மறுபடி சுத்தம் செய்துவிடலாம் என்று டாக்டரம்மா நாள் குறித்தார்.

அன்று விடிந்ததும் திரும்பக் கொட்டியது. அக்கா விரிப்பை உருவி வாளியில் போடப் போனாள். நான் பிடித்துக்கொண்டேன்.

"குடுடி, காஞ்சா போகாது!"

"போக வேணாம்."

"உன் சேட்டைக்கு நேரம் காலமே இல்லையா? மானம் போகுது, குடுடி!"

ஆளுக்கொரு முனையாக இழுத்தோம். எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள். அன்று அவள் கையில் தெம்பே இல்லை. விரிப்பு என் பக்கம் வந்துவிட்டது.

பையில் திணித்துக்கொண்டு போய், டாக்டரம்மாவின் மேசைமேல் பிரித்துப் போட்டேன். "சனியனே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா திட்டவில்லை. விரிப்பை ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தார்.

"இதையாம்மா கொஞ்சம்னு சொன்னே?"

சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டு, ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்பினார். திரையில் சிவப்பும் நீலமுமாகச் சுழன்றது. முதல் தடவை சுத்தம் செய்தபோது கருப்பையின் ரத்தக்குழாயில் காயம்பட்டு, பக்கத்தில் பைபோல் புடைத்துவிட்டதாம். அதில் மறுபடி கருவி பட்டிருந்தால் ரத்தத்தை நிறுத்துவதே பெரும்பாடாகியிருக்குமாம்.

"இந்த ஸ்கேனை முதல்லயே எடுத்திருக்கலாமே?" என்றேன்.

"இது ரொம்ப அபூர்வம்மா."

அபூர்வமாம், ஏதோ பட்டம் கொடுப்பதுபோல!

பெரிய மருத்துவமனையில், தொடையிடுக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, திரையைப் பார்த்தபடியே அந்த ரத்தக்குழாயை அடைத்தார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை. கருப்பையும் தப்பியது. இனி பிள்ளை பிறக்குமா என்று அங்கிருந்த டாக்டரிடம் மாமா கேட்டார். அப்போதுதான் அவருக்கு வாய் இருப்பதே தெரிந்தது.

"பல பேருக்குப் பிறந்திருக்கு. உறுதியா சொல்ல முடியாது."

உறுதியாக எதையாவது சொல்லித் தொலைத்தால் என்ன?

காலை நீட்டிப் படுத்திருந்த அக்கா என்னோடு பேசவில்லை. மறுநாள் ஸ்கேனில் அந்தச் சுழல் இல்லை. "இனி பயமில்ல" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனதும் ஓவென்று அழுதாள்.

"நல்ல சேதிதானே சொன்னாங்க, ஏன்டி அழுற?" என்றாள் அம்மா.

"என் பிள்ள போயிடுச்சும்மா."

இத்தனை நாளும் வீட்டில் ரத்தத்தைப் பற்றித்தான் பேச்சு. பிள்ளையைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. அக்கா என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.