அத்தை சொன்னவை, தேதிவாரியாக

என் மகள் தேர்வுக்குப் படிக்கும்போது தெரியாத ஆங்கிலச் சொற்களை என்னிடம் கேட்பாள். நான் அவற்றை டைரியின் கடைசிப் பக்கங்களில் பிறப்பு, பொருள், உதாரண வாக்கியம் என்ற வரிசையில் எழுதிவைப்பேன். சென்ற வாரச் சொல் 'அசெர்பிக்'. கசப்பும் கூர்மையும் கொண்ட பேச்சையும் அப்படிப் பேசுபவரையும் குறிப்பது. லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அது பழுக்காத காயின் சுவை, வாயை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பும் புளிப்பும். காலத்துக்கு முன்னால் வந்த சாவுக்கும் அதே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இன்று பெரும்பாலும் பேச்சுக்கும் எழுத்துக்கும்தான் வருகிறது. கத்துவதற்கு அல்ல, நறுக்கென்று தைப்பதற்கு. உதாரண வாக்கியத்துக்கு விட்ட இடம் மட்டும் காலியாக இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் அத்தைதான் நினைவுக்கு வருகிறாள்.

அத்தை என் அப்பாவின், அதாவது நைனாவின், தங்கை. பழவேற்காடு ஏரிக்கரையில் எங்களுக்கு அடுத்த வீடு. முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து மாமா இறந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது, மகனுக்கு இரண்டு. அதற்குப் பிறகு கூடை தூக்கினாள். திருப்பாலைவனம் வரை பஸ்ஸில் போய்த் தெருத்தெருவாக மீன் விற்றாள். ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. தினமும் காதில் விழும் ஒரு வாக்கியத்தைப் பிழையில்லாமல் எழுதிவரும்படி டீச்சர் சொல்லியிருந்தார். என் காதில் விழுந்ததில் எழுதத் தகுந்தது அத்தை பேசியதுதான். நோட்டில் ஸ்கேல் வைத்து மூன்று பத்திகள் பிரித்தேன்: தேதி, சொன்னது, யாரிடம். டீச்சர் முதல் பக்கத்தைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, வேறு ஏதாவது எழுது என்றார். வேறு நோட்டில் வேறு எழுதினேன். இதையும் விடவில்லை.

பஸ் கண்டக்டரிடம்: "கூட நாறுதா? ராத்திரி தட்டுல வெச்சி மோந்துக்கினே துண்றியே, அது இன்னா மல்லிப்பூவா?"

பெரியப்பாவிடம்: "ஏண்ணா, நண்டு கோணலா போவுதுன்னா அதுக்குக் காலு அப்பிடி. உனுக்கு இன்னா கேடு?"

ஊர்த் தலைவரிடம்: "நாயம் பேசற வாயின்னு பேரு. சோத்துக்கு மட்டுந்தான் தொறக்குது."

ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களில் எங்கள் ஊரார் வீட்டுக்கு ஒரு முறை என்று வலை கட்டுவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். மாமாவின் பாட்டை அத்தை கூலிக்கு ஆள் வைத்து நடத்தினாள். மகன் வளரும்வரை அது தன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று கேட்டிருந்தாள். பெரியப்பாவோ புதிதாகக் கல்யாணமான தன் மகனுக்கு அதைக் கேட்டார். முடிவு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடுவதாக இருந்தது.

அதற்கு இரண்டு நாள் முன்பு, நான் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது பெரியப்பா வந்தார். நோட்டை வாங்கிப் படித்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நண்டு வரிக்கு மட்டும் சிரிக்கவில்லை. முத்து மாதிரி கையெழுத்து, ஊரே பார்க்க வேண்டியது, ஞாயிற்றுக்கிழமை எடுத்து வா என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மன் கோயில் முன்னால் ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வலைக் குவியலுக்கு அப்பால் நின்றார்கள். அன்று வாயைத் திறப்பதில்லை என்று அத்தை மகன் தலையில் அடித்து நைனாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

"நான் சொன்னா தங்கச்சி மேல பொறாமன்னுவீங்க," என்றார் பெரியப்பா. "கொயந்த எயுதி வெச்சிக்கீது. கொயந்த பொய் எயுதாது."

அந்தக் கூட்டத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் பேசியதில்லை. நான் தேதி சொல்லி, யாரிடம் என்று சொல்லி, திக்காமல் படித்தேன். முதலில் சிரித்தார்கள். தலைவரின் வரி வந்ததும் சிரிப்பு நின்றது. நைனா எழுந்து, போதும்மா என்றார். குழந்தை முடிக்கட்டும் என்றார் பெரியப்பா. பாதியில் நிறுத்துவது எனக்கும் பிடிக்காது. கடைசி வரி வரை படித்தேன்.

இப்படிப்பட்ட வாயோடு யாரும் கூட்டாகத் தொழில் செய்ய முடியாது என்று சொல்லி, பாட்டைப் பெரியப்பா மகனுக்கு மாற்றினார்கள்.

அத்தை அப்படிப் பேசிய அன்று கண்டக்டர் அவளைக் கூடையோடு நடுவழியில் இறக்கிவிட்டிருந்தார். அவளுடைய வலைக் குச்சிகளைப் பெரியப்பா பிடுங்கித் தள்ளி நட்டிருந்தார். அவள் போய் முறையிட்டபோது தலைவர் பதில் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று இடத்திலும் நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். "எறங்கு, நாத்தம் தாங்கல" என்று கண்டக்டர் சொன்னதும் என் காதில் விழுந்த வாக்கியம்தான். எழுதத் தகுந்ததாக அது எனக்குத் தோன்றவில்லை.

கூட்டம் கலைந்ததும் அத்தை மகனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். என் பாவாடையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"ஒரு எயுத்து பிசகாம படிச்ச, கண்ணு," என்றாள்.

வீட்டுக்கு ஓடினேன். தேதி போட்டு, சொன்னதை எழுதி, மூன்றாவது பத்தியில் 'என்னிடம்' என்று எழுதினேன். அத்தனை பக்கங்களில் எனக்கென்று இருந்த ஒரே வரி அது. அடியில் சிவப்பு மையால் ஒரு கோடும் போட்டேன்.