கலேவெலவுக்குப் போன எட்டுப் பெட்டிக் கிழங்கு

காலை ஐந்தரை மணி. ரத்தோட்டைக்கு மேலே ஐந்து மைலில் இருக்கும் எங்கள் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் மன்சூர் நானாவின் லொறி உறுமிக்கொண்டு நின்றது. பின்னால் எட்டுத் தேயிலைப் பெட்டிகள். பெட்டிக்குள் தேயிலை இல்லை, உருளைக்கிழங்கு. பெட்டிகளின் மேல் தார்ப்பாய். தார்ப்பாயின் மேல், இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்திருந்த என் அண்ணி முத்தம்மா.

"முன்னால வந்து ஒக்காருங்க தங்கச்சி, மாத்தளையில பொலிஸ் புடிப்பான்" என்றார் மன்சூர் நானா.

"மாத்தளை வந்ததும் எறங்குறேன். அது வரைக்கும் இது பறக்காம நான் புடிச்சிக்கிறேன்" என்றார் அண்ணி.

நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. பள்ளி விடுமுறை என்பதால் துணைக்குக் கிளம்பினேன். துணை என்பது பேச்சுக்குத்தான். அண்ணிக்குத் துணை தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை. லொறிக் கூலி நாற்பது ரூபாய். திரும்பும்போது மன்சூர் நானா பூசணி ஏற்றி வருவதால் பாதிதான் கேட்டார்.

எதற்கு இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் கிழங்கு வருவது நின்றுபோன காலம் இது. எங்கள் லயத்துப் பதினொரு வீட்டாரும் வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் கிழங்கு போட்டார்கள். காலைப் பெரட்டில் பேர் கொடுத்து, கொழுந்து எடுத்து முடிந்து, மிச்சமிருந்த வெளிச்சத்தில் செய்த விவசாயம். முதல் வெட்டில் ஆறு சாக்கு வந்தது. கலேவெல காதர் முதலாளி தம் மகளின் கலியாணத்துக்கென்று ஆறையும் வாங்கினார். மூன்று கிழமை கழித்து ஒரு கடிதம் வந்தது. கிழங்கு கசந்ததாம், சாப்பிட்டவர்கள் வாந்தி எடுத்தார்களாம். கடைசி வரி எனக்கு மனப்பாடம்: "இனிமேல் லயத்துக் கிழங்கு அனுப்ப வேண்டாம்."

லயத்துக்கே அந்த வரியை நான்தான் வாசித்துக் காட்டினேன். இரண்டாம் வெட்டு மண்ணுக்குள் தயாராக இருந்தது. வேறு கடைக்காரரைத் தேடலாம். ஆனால் கெட்ட பேர் நமக்கு முன்னால் பஸ் ஏறிப் போய்விடுமே. அண்ணிதான் யோசித்துச் சொன்னார்: "கெழங்கு வெளிச்சம் பாத்திருக்கு. சாக்கு இழை அகலம், லொறிக்கு மூடி இல்ல. பச்ச புடிச்சிருக்கும்."

பச்சை பிடித்த கிழங்கு விதைக்கு ஆகும், கறிக்கு ஆகாது. கசக்கும், வயிற்றைப் புரட்டும். இது எங்கள் லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அண்ணன் தேயிலை ஃபெக்டரியில் பெட்டி அடிப்பவர். மூலை உடைந்து கழித்துப் போட்ட பெட்டிகளை ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் கேட்டு வாங்கி வந்து சரிசெய்தார். உள்ளே ஈயத்தாள் அப்படியே இருந்தது. தேயிலைக்கு வெளிச்சமும் ஈரமும் படக்கூடாது என்று ஒட்டிய தாள். "கொழுந்துக்கு இவ்வளவு மரியாதன்னா கெழங்குக்குக் கொறையா?" என்றார் அண்ணி. ஆனால் கிழங்கு மூச்சு விடும், அடைத்து வைத்தால் அழுகும். அதனால் அடிப்பலகையில் மட்டும் துளை போட்டு, பெட்டியின் கீழே இரண்டு ரீப்பைக் கட்டைகளை அடிக்கச் சொன்னார். காற்று கீழிருந்து வரும், வெளிச்சம் எங்கிருந்தும் வராது. ஒரு அடுக்குக் கிழங்கு, ஒரு அடுக்குக் காய்ந்த மானாப்புல். இப்படி எட்டுப் பெட்டி. கலேவெலவிலிருந்து யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே கொண்டு போகிறோம்.

ஏழு மணிக்கு மாத்தளை. அண்ணி இறங்கி முன்னால் வந்தார். தலைமுடி முழுக்கப் பனி. பஸ் நிலையத்தருகே ஆளுக்கு ஒரு ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிட்டோம். சீனி இல்லாத காலம், தேத்தண்ணீரோடு கித்துள் வெல்லத்தில் ஒரு துண்டு கடித்துக்கொள்ளக் கொடுத்தார்கள். சீனியைவிட அது நன்றாகவே இருந்தது.

மாத்தளையிலிருந்து வடக்கே பதினைந்து மைலில் நாலந்தா. கொக்கோ, மிளகுக் கொடி, பாக்கு என்று நிழலாகவே வந்த பாதை அங்கே மெல்ல வெளுக்கத் தொடங்குகிறது. எட்டேகாலுக்கு என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினோம். நான் காலை நீட்டி நடந்துவிட்டுத் திரும்பினால், மன்சூர் நானா பாதித் தார்ப்பாயைச் சுருட்டிவிட்டு ஒரு பெட்டியின் மூடியை நெம்பிக்கொண்டிருந்தார்.

"நானா! என்ன செய்றீங்க?" அண்ணி போட்ட சத்தத்தில் தண்ணீர் வாளி உருண்டது.

"புழுங்கிப் போயிருமே தங்கச்சி. கொஞ்சம் வெயில் காட்டுவோம்னு..."

"கெழங்குக்கு வெயில் காட்டுறதும் கொழந்தைக்குச் சாராயம் காட்டுறதும் ஒண்ணு. மூடுங்க!"

மன்சூர் நானா பதினேழு வருடமாக நெல்லும் மிளகாயும் ஏற்றுகிறவர். அவருக்கு வெயில் என்றால் மருந்து. அப்போது அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதரைக்குத் தம்புள்ள. அங்கிருந்து குருநாகல் வீதியில் திரும்பிப் பதினொரு மைல் போனால் கலேவெல. மலையில் பிறந்த எனக்கு இந்தச் சமதரை எப்போதும் வியப்பு. வீதியோரத்தில் நெல் காய்கிறது. முற்றத்தில் மிளகாய் காய்கிறது. கூரையில் எள் காய்கிறது. தாருக்கு மேலே விரித்த நெல்லின் மேல் ஏறாமல் வளைத்து வளைத்து ஓட்டினார் மன்சூர் நானா.

பத்தே முக்காலுக்குக் காதர் முதலாளியின் கடை வாசலில் நின்றோம். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி. லொறியைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது.

"கடிதம் கெடைக்கல்லயா?"

"கெடச்சிச்சுங்க. அதனாலதான் வந்தோம்" என்றார் அண்ணி.

"மகள்ட கலியாணம். மாப்பிள வீட்டாக்கள் ஒரு வாய் வெச்சிட்டு சோத்துச் சஹனத் தள்ளிட்டாங்க. ரெண்டு பேருக்கு வாந்தி. எண்ட மொகத்த எங்க கொண்டு போய் வெக்கிற?" அவர் கோபத்தை எதிர்பார்த்துப் போன எனக்கு அவர் அவமானத்தை எதிர்பார்க்கத் தோன்றவில்லை.

என் கண் கடைக்குப் பக்கத்து முற்றத்துக்குப் போனது. வரிசையாகப் பாய். பாய் நிறைய மிளகாய். எனக்கு நாலந்தா ஞாபகம் வந்தது.

"முதலாளி, கிழங்கு வந்ததும் என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்ற? நல்லாப் பாத்தன். மண் ஈரமா இரிந்திச்சு. பாய் விரிச்சு ஆறு நாள் காயப் போட்டன். எண்ட கையாலயே பெரட்டிப் பெரட்டிப் போட்டன். மொளகாக்கும் அவ்வளவு பாத்ததில்ல."

அண்ணி தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். தம்மிடம் உள்ளதில் சிறந்த கவனிப்பு எதுவோ அதைத்தான் அந்த மனிதர் எங்கள் கிழங்குக்குக் கொடுத்திருக்கிறார்.

"வெயில்லதான் கசந்திருக்குங்க" என்று அண்ணி மெதுவாகச் சொன்னார்.

"லயத்தாக்கள் எனக்கு வெயிலப் பத்திப் படிப்பிக்க வந்தீங்களா?" அவர் எழுந்துவிட்டார். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் காது சுட்டது. அண்ணிக்கு எதுவும் சுடவில்லை.

"ஆறு சாக்கையுமா காயப் போட்டீங்க?"

முதலாளி பதில் சொல்லுமுன் உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "இல்ல. பாய் பத்தாம ஒண்டு நெல்லறையில கெடக்கு. அதையும் வீசணும்னு சொன்னீங்க, ஆள் வரல்ல."

நெல்லறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு பேர் சாக்கை இழுத்து வந்து கட்டை அவிழ்த்தார்கள். மேலே கொஞ்சம் அழுகியிருந்தது, மீதி சுருங்கி முளை விட்டிருந்தது. ஆனால் ஒரு கிழங்கில்கூடப் பச்சை இல்லை. அண்ணி நல்லதாக ஐந்தைப் பொறுக்கி, முளையைக் கிள்ளித் தோலைச் சீவித் திரைக்கு உள்ளே கொடுத்தார்.

அவிய இருபத்தைந்து நிமிடம். வாடிக்கையாளர் மூவர் சாமான் வாங்கியும் போகாமல் நின்றார்கள். தட்டு வந்ததும் அண்ணி முதலில் ஒரு துண்டை வாயில் போட்டார். பிறகு முதலாளி எடுத்தார். உப்பில் தொட்டுச் சாப்பிட்டார். இன்னொரு துண்டு எடுத்தார்.

"கசக்கல்ல" என்றார். யாரிடமும் சொல்லாமல், தட்டிடம் சொன்னார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "அப்ப, எண்ட கையாலயே கெடுத்திரிக்கிறன்."

"சொல்லாம அனுப்பினது எங்க குத்தங்க" என்றார் அண்ணி. "எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சிட்டோம்."

"இல்ல. சம்பந்தி வீட்டுக்கு ஒரு கூட கெழங்கோட நானே போறன். அது எண்ட தப்புன்னு நானே சொல்றன்."

அப்போது எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது.

லொறியில் பெட்டியைத் திறந்தபோது கூட்டம் சேர்ந்துவிட்டது. ஈயத்தாள் மின்ன, மானாப்புல்லை விலக்கினால் வெண்ணெய் நிறத்தில் கிழங்கு. அண்ணி வாத்தியாராகிவிட்டார். பெட்டியைத் திறந்தால் உடனே மூட வேண்டும், கடை முன்னால் குவிக்கக்கூடாது, தண்ணீர் காட்டக்கூடாது, துளையை அடைக்கக்கூடாது. முதலாளி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். மன்சூர் நானா, பிறந்ததிலிருந்தே தெரிந்தவர்போல, "வெயில் படவே கூடாது" என்று கூட்டத்துக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டும் கடைக்குள் இறங்கின. பெட்டிப் பலகையில் தோட்டத்தின் பேர் கறுப்பு மையில் ஆங்கிலத்தில் இருந்தது. முதலாளி ஒரு கரித்துண்டை எடுத்து அதைக் குறுக்கே அடித்தார்.

"யார்ட கெழங்குன்னு கேப்பாங்க. ஒங்கட பேர எழுதவா?"

அண்ணி கொஞ்சம் யோசித்தார். "என் பேரு வேணாங்க. பதினொரு வீட்டுக் கெழங்கு. 'மேல் லயத்துக் கிழங்கு'ன்னு எழுதுங்க."

கடிதத்தின் கடைசி வரி எங்கள் மூவருக்குமே ஞாபகம் வந்திருக்க வேண்டும். முதலாளி கரித்துண்டின் நுனியைத் தரையில் தேய்த்துக் கூராக்கினார். பிறகு எட்டுப் பெட்டியிலும் எழுதினார், சிங்களத்திலும் எழுதினார்.

மத்தியானச் சாப்பாட்டைப் போடாமல் அந்த வீட்டில் விடவில்லை. மூன்று மணிக்குப் பூசணியோடு கிளம்பினோம். அங்கே எல்லாவற்றையும் காப்பது வெயில். எங்கள் ஊரில் காப்பது பனியும் இருட்டும். இரண்டு ஊரும் ஒரே மாவட்டம், இடையில் அறுபது மைல்கூட இல்லை. இத்தனை நாள் ஒருவர் சாப்பாட்டை ஒருவர் சாப்பிட்டோம், அதை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் அம்மா கிள்ளிய கொழுந்தும், அண்ணன் அடித்த பெட்டியும் கப்பலேறிப் போயிருக்கின்றன. எதிலும் எங்கள் பேர் போனதில்லை. லொறி நகர்ந்தபோது கடைக்குள் இருந்த பெட்டிகளை நான் எட்டிப் பார்த்தேன்.

"எழுத்து கோணலா இல்லியே, புள்ள?" என்று கேட்டார் அண்ணி.

கோணலாகத்தான் இருந்தது. ஆனால் வீதிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே வாசிக்க முடிந்தது.