கம்பியை மறந்த சாமியானாக்காரர் மகள்

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. காலேஜ் முடித்த நானும் என் இரண்டு தோழிகளும் முதல்முறையாக டென்ட் போட்டுத் தங்கக் கிளம்பினோம். இடம் ஒன்றும் இமயமலை இல்லை. கருவடிக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் முக்கால் மணி நேரம் போனால் ஒரு கடலோரச் சவுக்குத் தோப்பு. தோப்புக்காரரும் அவர் மனைவியும் அங்கேயே குடியிருக்கிறார்கள். கேட் உண்டு, லைட் உண்டு, சுத்தமான பாத்ரூம் உண்டு. இதையெல்லாம் சொல்லித்தான் வீட்டில் பர்மிஷன் வாங்கினேன். அதற்கே மூன்று வாரம் ஆனது!

அப்பா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "ஆறு மணிக்கு வீடியோ கால் பண்ணணும். டென்ட்டு நிக்கறத நான் பாக்கணும். நிக்கலன்னா வண்டி எடுத்துகினு வந்துடுவேன். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

அப்பாவுக்குச் சாமியானா வாடகைக்கு விடும் தொழில். என் பச்சை டென்ட்டை மொட்டை மாடியில் நிறுத்திக் காட்டியபோது, ஒரு விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, கொசு வலையா?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அஞ்சு நிமிஷத்துல நிக்கும்பா. உங்க ஆளுங்களுக்கு அரை நாள் ஆவுது" என்று கெத்தாகச் சொன்னேன்.

தோப்புக்குப் போய்ச் சேரும்போது மணி ஐந்து. கடலைப் பார்த்ததும் நாங்கள் போட்ட கத்தலில் மரத்தில் இருந்த காக்காயெல்லாம் பறந்தது. காற்றடிக்கும் மெத்தை, ஒரு டார்ச், குட்டி கேஸ் அடுப்பு, நூடுல்ஸ். வேறென்ன வேண்டும் வாழ்க்கைக்கு? டென்ட் பையைக் கவிழ்த்தேன். துணி விழுந்தது. ஆணிகள் விழுந்தன. அதைத் தூக்கி நிறுத்தும் மடக்குக் கம்பிகள் மட்டும் விழவில்லை.

எங்கே போச்சு என்று யோசிக்கவே தேவையில்லை. எங்கள் வீட்டில் துணி ஒரு லோடு, கம்பி தனி லோடு. துணியை மடித்து ஏற்றிய பிறகு, சுவரோரம் சாய்த்து வைத்த கம்பி கடைசியில்தான் வண்டி ஏறும். பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம். நானும் அப்படியே மாடிச் சுவரில் சாய்த்துவிட்டு வந்திருக்கிறேன். எடுத்து ஏற்றத்தான் லோடுமேன் இல்லை!

"சாமியானாக்காரர் பொண்ணு கம்பிய மறந்துட்டு வந்துகீறா. வெளியில சொல்லிடாதடி, உங்கப்பா பிசினஸ் படுத்துடும்" என்று ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னொருத்தி பக்கத்தில் ஒரு குடும்பம் போட்டிருந்த டென்ட்டைக் காட்டி, "அது முன்னாடி நின்னு கால் பண்ணிடலாம். அவருக்கு இன்னா தெரியப் போவுது?" என்றாள்.

"லூசு, அது ஆரஞ்சு!"

வீட்டுக்குப் போய் எடுத்து வர ஒன்றரை மணி நேரம் ஆகும். போனால் வாசலிலேயே அப்பாவிடம் மாட்டுவேன். அப்போதுதான் ஸ்கூட்டி டிக்கி ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு வண்டி எதைத் திறந்தாலும் உள்ளே கயிறு கிடக்கும்.

அடுத்த அரை மணி நேரம் செம ரகளை. இரண்டு சவுக்கு மரத்துக்கு நடுவே தலைக்கு மேலே கயிற்றை விறைப்பாகக் கட்டினேன். டென்ட் துணியில் கம்பி மாட்டுகிற கொக்கிகளை அதில் கோத்துத் தொங்கவிட்டோம். நான்கு மூலையையும் இழுத்து மரங்களில் கட்டினோம். அந்த முடிச்சை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. கை தானாகப் போட்டது. நிற்குமா என்று பயந்துகொண்டே கையை எடுத்தோம். நின்றது!

மணி ஆறு. கால் போட்டேன். ஸ்கிரீனில் அப்பா முகத்துக்கு முன்னால் தெரிந்தது, அவர் கையில் இருந்த கம்பிகள்.

"இன்னாமா, அஞ்சு நிமிஷத்துல நின்னுதா?"

கேமராவை டென்ட் பக்கம் திருப்பினேன்.

"மெதுவா சுத்து... மேல இன்னா முடிச்சு அது?"

"நீங்க போடறதுதாம்பா."

அப்பா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டு போனார். தோழிகள் இருவரும் என் கையைக் கிள்ளிக்கொண்டே நின்றார்கள்.

"கடல் பக்கத்து மூலை தொங்குது பாரு. காத்து வந்தா தூக்கினு போயிடும். இழுத்துக் கட்டு."

போனைத் தோழியிடம் கொடுத்துவிட்டு ஓடிப் போய் இழுத்துக் கட்டினேன். "ம். காலைல டிபனுக்கு வந்துடு" என்று கட் பண்ணிவிட்டார். நாங்கள் ஆடிய ஆட்டத்தில் நூடுல்ஸ் மண்ணில் கொட்டியது. மிச்சத்தைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். டென்ட் நடுவில் கொஞ்சம் தொங்கி மூக்கை இடித்தது. இருந்தாலும் அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதே இல்லை.

மறுநாள் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அப்பா ஐந்து மணிக்கே மாடியில் கம்பிகளைப் பார்த்துவிட்டாராம். ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் வண்டிச் சாவி. மாடிக்கும் வாசலுக்கும் ஒரு மணி நேரம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாராம். ஆனால் கிளம்பவில்லை, போனும் பண்ணவில்லை.

அதற்குப் பிறகு நான்கு முறை டென்ட் போட்டுவிட்டோம். இப்போதெல்லாம் கம்பியைத்தான் முதலில் ஏற்றுகிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் மூலைக் கயிற்றை இழுத்துக் கட்டும்போது, என்னைத் தேடி வராமல் இருக்க அப்பா அன்றைக்குப் பட்ட பாடுதான் ஞாபகத்துக்கு வருகிறது.