கரும்பு மலையில் வெட்டிய குழிகள்

என் மனைவியின் வலது மணிக்கட்டுக்குப் பட்டி போட்டுவிட்ட டொக்டர், கரும்பலகையில் எழுதச் சோக்கட்டி பிடிப்பதைக் குறைக்கச் சொன்னார். கம்ப்யூட்டர் மவுசைத் தொடவே கூடாது என்றார். ஆசிரியையான அவள் சோக்கட்டி பற்றி எதுவும் கேட்கவில்லை. மவுசைப் பற்றித்தான் கேட்டாள், கை குணமான பிறகாவது பழையபடி பிடிக்கலாமா என்று.

"பழையபடி ஏலாது மிஸ். ஒரே அசைவத் திரும்பத் திரும்பச் செஞ்சா வலி திரும்பவும் வரும்."

கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து மஹய்யாவ வீட்டுக்கு த்ரீவீலில் வந்தோம். இறங்கும்போது கேட்டாள்: "அப்ப கரும்ப யாரு வெட்டுறது?"

எங்கள் வீட்டில் கரும்பு இல்லை. கரும்பு கம்ப்யூட்டருக்குள் இருந்தது. பாடசாலைகள் மூடிக்கிடந்த காலத்தில், பிள்ளைகள் எந்த விளையாட்டில் மூழ்கிக் கிடக்கிறார்கள் என்று பார்க்கப் போனவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் மனைவி. மற்றவர் அவளோடு படிப்பிக்கும் கணித டீச்சர், மடவளையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். பிள்ளைகள் அதைவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். டீச்சர்கள் இருவரும் வெளியே வரவே இல்லை.

மண், கல், மரம் எல்லாமே சதுர பிளாக்குகளாக இருக்கும் உலகம் அது. வெட்டி எடுத்து, அடுக்கிக் கட்டி, பிழைத்துக் கிடக்க வேண்டும். அங்கே ஒரு குன்றின்மேல் இருவரும் நூலகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். புத்தகத்துக்குக் காகிதம் வேண்டும், காகிதத்துக்குக் கரும்பு வேண்டும். ஒவ்வொரு கரும்பையும் அடியை விட்டுவிட்டு மேலே வெட்ட வேண்டும். ஒரு வெட்டுக்கு ஒரு கிளிக். அந்தக் கிளிக்குகள்தான் அவளுடைய மணிக்கட்டில் வந்து உட்கார்ந்திருந்தன.

அன்று மாலை அவள் மடவளை டீச்சருக்குப் போன் செய்து தன் முடிவைச் சொன்னாள். கரும்பு தானாக வெட்டுப்படும்படி தோட்டத்தை அமைத்துப் பார்ப்பது. தவணை லீவு முடிவதற்குள் அது ஓடாவிட்டால் நூலகம், மலை, மாடு, கன்று எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிட்டு வெளியேறுவது. அவள் சொன்னதைச் செய்கிறவள். இருபத்தைந்து வருடமாக நான் பார்த்துவந்திருக்கிறேன்.

எனக்கு அந்த விளையாட்டு தெரியாது. பத்திரிகையில் பிறர் எழுதியதைத் திருத்தியே காலம் தள்ளி, இப்போது வீட்டில் இருக்கிறேன். எனக்கு இரண்டு கையும் சுகமாக இருந்தது. அந்தத் தகுதியில் வேலைக்கு எடுக்கப்பட்டேன். அவள் பக்கத்துக் கதிரையில் பட்டி போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உத்தரவிட்டாள்.

"முன்னுக்குப் போங்க. அங்க இல்ல. ஐயோ, தண்ணிக்குள்ள எறங்குறீங்க."

"நீதானே முன்னுக்குன்னு சொன்னே?"

"பாத்துப் போங்கன்னு வேற சொல்லணுமா? ஒங்கள எப்பிடித்தான் பேப்பர்ல வச்சிருந்தாங்களோ."

தானியங்கி அமைப்பு எளிமையானது. கரும்பு வரிசைக்குப் பின்னால் ஒரு பிஸ்டன். அதற்கு மேலே முகம் வைத்த ஒரு பிளாக். கரும்பு மூன்றாம் கணு வளர்ந்ததும் அந்த முகம் அதைக் கண்டு சைகை கொடுக்கும். பிஸ்டன் முன்னே பாய்ந்து கரும்பை முறிக்கும். முறிந்தது எதிரே ஓடும் தண்ணீரில் விழுந்து மிதந்துபோய்ப் பெட்டியில் சேர வேண்டும். முகம் வைத்த பிளாக் கண்டதைத் தெரிவிப்பதோடு சரி, கருத்து எதுவும் சொல்லாது. எனக்கு அதைப் பிடித்துப்போயிற்று.

இடம் தேடும்போது பரந்த சமவெளி ஒன்றைக் கடந்தோம். இருவருக்கும் அது தோட்டம் போடும் இடமாகவே தெரியவில்லை. மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்தோம். நாங்கள் இருவரும் ஹேவாஹெட்டப் பக்கம் அடுத்தடுத்த தேயிலைத் தோட்டங்களில் பிறந்தவர்கள். சரிவைப் படிப்படியாக வெட்டினேன். ஒவ்வொரு படியிலும் சரிவுக்குக் குறுக்கே கான் எடுக்கச் சொன்னாள், எடுத்தேன். கான் என்றால் தேயிலை மலையில் மழைத்தண்ணீர் ஓடும் வடிகால். கானுக்குள் இடையிடையே குழி தோண்டச் சொன்னாள், தோண்டினேன். குழிக்குள் விழுந்த தண்ணீர் அப்பால் ஓடாமல் நின்றது.

"பரவால்ல. குழிக்கு அங்கிட்டு இன்னொரு வாளி ஊத்துங்க."

ஊற்றினேன். வேலை பல நாள் இழுத்தது. முடிந்தபோது பச்சை வரிசைகள் மலையைச் சுற்றி வளைந்து வளைந்து ஏறின. ஒவ்வொன்றின் அருகிலும் தண்ணீர் மினுங்கியது. அவள் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "ஐயா வந்து பாத்தா குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல," என்றாள். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த தன் அப்பாவைச் சொன்னாள்.

கரும்பு வளர்ந்தது. பிஸ்டன்கள் டப், டப் என்று அடித்தன. மலையடிவாரத்தில் இருந்த பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு கைப்பிடிக் கரும்பு கிடந்தது. காத்திருந்து மறுபடி திறந்தேன். இன்னும் ஒரு கைப்பிடி.

அடுத்த இரண்டு மாலைகளும் பிஸ்டன்களைச் சோதித்தோம். ஒவ்வொன்றும் சரியாக அடித்தது. கரும்பு முறிந்து தண்ணீரில் விழுவதையும் கண்ணால் கண்டோம். ஆனாலும் பெட்டிக்கு வந்து சேரவில்லை. லீவு முடியும் வாரம் வந்தது. நூலகத்தில் எந்த அறையில் என்ன இருக்கிறது என்று அவள் மடவளை டீச்சருக்குப் போனில் சொல்லத் தொடங்கினாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் குசினிக்குப் போய்க் கேத்தலில் தண்ணீர் வைத்தேன்.

சனிக்கிழமை டீச்சர் நேரிலேயே வந்தார். வெளியே நல்ல மழை. குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, கொண்டுவந்த ரோல்ஸ் பார்சலைப் பிரித்து மேசையில் வைத்து, தன் போன் வழியாக அந்த உலகத்துக்குள் நுழைந்தார். ஊதா நிற முக்காட்டோடு அவருடைய உருவம் எங்கள் திரையில் மலை ஏறியது. மூன்றாவது படியில் நின்றது.

"டீச்சர், தோட்டம் வடிவா ஈக்குது. ஆனா கான் நெடுக என்னத்துக்குக் குழி வெட்டி ஈக்கிறீங்க?"

"மண்ணு அடிச்சிக்கிட்டுப் போகாம இருக்கத்தான்," என்றாள் என் மனைவி. "மழைக்கு வார மண்ணு குழியில நிக்கும். பொறகு அள்ளி மேல போடலாம்."

"எந்த மழைக்கு?"

ஜன்னலுக்கு வெளியே கண்டி மழை கொட்டியது. திரைக்குள்ளும் மழை பெய்யும், ஆனால் அங்கே ஒரு மணல்கூட இடம்பெயராது. மலை கரைவதில்லை. நாங்கள் இருவரும் யோசிக்காமலே, அரிப்பு இல்லாத மண்ணுக்கு அரிப்புத் தடுப்புச் செய்து வைத்திருந்தோம்.

டீச்சரின் உருவம் குழிக்குள் குதித்தது. "இந்தா, கரும்பு இங்கதான் மெதக்குது. எடுக்க ஆளில்லாட்டி கொஞ்ச நேரத்தில மறைஞ்சி போகும். சேர், நீங்களும் பாக்கல்லயா? பேப்பர்ல பிழை புடிச்ச ஆள்தானே?"

"எனக்கு அது பிழையாத் தெரியல்ல டீச்சர்," என்றேன். உண்மை அதுதான்.

கடைசிக் குழிக்கு அப்பால் நின்ற ஓரிரு கரும்புகள்தான் அதுவரை பெட்டிக்கு வந்திருக்கின்றன. மீதி முழுவதும் குழிகளில் தேங்கி மறைந்துபோயிருந்தது. டீச்சர் சிரித்துச் சிரித்து ரோல்ஸ் புரையேறித் தண்ணீர் கேட்டார். குழிகளை மூடிவிட்டுக் கானை நேராக்கச் சொன்னார். நான் மவுசை எடுத்தேன்.

"மூடாதீங்க," என்றாள் மனைவி.

அவள் திரைக்குக் கிட்ட குனிந்திருந்தாள். பட்டி போட்ட கையை மறந்து மேசையில் ஊன்றியிருந்தாள்.

"தண்ணி அத்தனையையும் குழிக்குத்தானே கொண்டு வருது? கொண்டு வரட்டும். குழிக்கு அடியில ஹொப்பர் வைங்க, அதுக்குக் கீழ பெட்டி வைங்க. விழுறது விழுந்த எடத்துலயே சேரட்டும். அவ்வளவையும் என்னத்துக்கு அடிவாரத்துக்கு ஓட்டணும்?"

ஹொப்பர் என்பது மேலே விழுவதை விழுங்கிக் கீழே உள்ள பெட்டியில் இறக்கும் இரும்புப் புனல். டீச்சர் சிரிப்பை நிறுத்தினார். அவருடைய உருவம் கான் நெடுகக் குழிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தது.

"சரிவரும்," என்றார். "சரிவரும் டீச்சர். ஆனா அவ்வளவு ஹொப்பருக்கு இரும்பு ஈக்கா?"

"ஒங்கக்கிட்ட இருக்கே."

"நல்ல கதை! நூலகத்த எனக்குத் தாறேன்னு சொன்ன ஆளு, இப்ப என்ட இரும்பையும் கேக்கிறீங்க."

"மேல் மாடி ஒங்களுக்கு. ஜன்னல் வச்ச பக்கம்."

"ரெண்டு ஜன்னல்."

பேரம் முடிந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு குழியின் அடியையும் தோண்டி ஹொப்பர் பதித்தேன். படிகளின் முகப்பில் பெட்டிகள் வரிசையாகத் தெரிந்தன.

மறுநாள் காலை கம்ப்யூட்டரை ஓடவிட்டுவிட்டுப் பூசைக்குப் போனோம். ஆள் பக்கத்தில் நின்றால்தான் கரும்பு வளரும் என்பதால், அவளுடைய உருவத்தை மலை நடுவில் ஒரு கூரைக்குக் கீழே நிறுத்தியிருந்தோம். கோயிலில் அவள் இருமுறை என் பக்கம் சாய்ந்து, "கரண்ட் இருக்குமா?" என்று கேட்டாள். முன்வரிசை அம்மா திரும்பிப் பார்த்தார்.

கரண்ட் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மவுசை இடதுபக்கத்துக்கு மாற்றினாள். உருவம் தள்ளாடித் தள்ளாடி முதல் பெட்டிக்குப் போயிற்று. ஒரு கிளிக். பெட்டி திறந்தது. மேலிருந்து கீழ்வரை கரும்பு. இரண்டாவது பெட்டியும் அப்படியே. மூன்றாவதைத் திறந்ததும் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அவள் எதையும் வெட்டவில்லை. பிஸ்டன்கள் அவளைக் கேட்காமல் மலை முழுவதும் அடித்துக்கொண்டிருந்தன. டீச்சருக்குப் போன் எடுத்து என்னிடம் தந்து, ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"டீச்சர், நான் எங்கயும் போகல்ல."

"தெரியும். சத்தம் மடவளைக்குக் கேட்டிச்சி. கீழ் மாடிக்கும் நான் சாமான் கொண்டு வந்து வச்சிட்டேனே," என்றார்.

"தூக்கிக்கிட்டு மேல ஏறுங்க. கீழ் மாடிக்குப் புத்தகம் வருது."

அவள் இடது கையாலேயே காகிதம் செய்யத் தொடங்கினாள். முதல் புத்தக அலுமாரியை வைத்தபோது அது கொஞ்சம் தள்ளிப் போயிற்று. நான் சரி செய்யக் கை நீட்டினேன். தட்டிவிட்டாள்.