பகல்ல சும்மாதான இருக்கான்

சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றுவிட்டது. கண் திறந்தேதான் இருந்தது. இரண்டாம் முறை கூப்பிட்டதும் திடுக்கிட்டு, "என்ன, கூப்பிட்டியா?" என்றார் என் கணவர். குடித்திருப்பாரோ என்று கிட்டே போய் மோந்து பார்த்தேன். மோர் வாடைதான் அடித்தது.

இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை அவருக்கு. அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் ஒட்டிவிடுவார். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். உடம்பு ஒன்றுக்குப் பழகும்போதே அடுத்தது வந்துவிடும்.

இரவு ஷிப்ட் என்றால் சொந்தபந்தத்துக்குக் கொண்டாட்டம். ரேஷன் கடை, கரண்ட் பில், யாரையாவது கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, எல்லாம் இவர் தலையில். "பகல்ல சும்மாதான இருக்கான்" என்பார்கள். சும்மாவாம்! ராத்திரி முழுக்க மிஷினோடு நின்ற மனுஷன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் தங்கை மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைக்காமல் காது குத்த மாட்டார்கள். "வேலை முடிஞ்சு நேரா வந்துருண்ணே, பொறவு தூங்கிக்கலாம்" என்றாள் தங்கை. அவருக்கு அன்று இரவு ஷிப்ட்; நான் மட்டும் முந்தின நாளே அங்கே போய்விட்டேன். காலையில் போன் போட்டால், "டீ குடிச்சிட்டேன், வாரேன்" என்றார். அடுத்த போன் யாரோ வழிப்போக்கர் பேசியது. நின்ற லாரியின் பின்னால் பைக் மோதியிருந்தது.

மதுரையில் தலையில் ஆபரேஷன் செய்தார்கள். "பிரேக் பிடிச்ச தடமே இல்லைன்னு போலீஸ்காரங்க சொல்றாங்களே டாக்டர்" என்றேன்.

"நுண்துயில்மா (கண் திறந்திருக்க, மூளை சில நொடி தூங்கிப்போவது). முழிச்சிருக்க முழிச்சிருக்கத் தூக்க அழுத்தம் (தூங்கியே ஆகவேண்டிய தேவை) ஏறிக்கிட்டே போகும். உயிர்க் கடிகாரமும் (பகல் இரவை உடம்புக்குச் சொல்வது) குழம்பியிருந்தா, டீயால தடுக்க முடியாது."

"பழைய சூட்டிப்பு, சுறுசுறுப்பு வருமா?"

"பொறுத்துப் பார்ப்போம்" என்றார்.

"என்னாலதான் மதினி" என்று நாத்தனார் அழுதாள். இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இப்போது நடக்கிறார், தானே சாப்பிடுகிறார். பார்க்க வருகிறவர்கள், "நல்லாயிட்டாரே" என்கிறார்கள். வயிறு எரிகிறது. சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் எதற்குப் போடுகிறோம் என்று மறந்துபோகிறார்.

உங்கள் வீட்டிலும் இரவு வேலைக்குப் போகிறவர் இருந்தால், பகலில் கதவைச் சாத்தித் தூங்க விடுங்கள். கூப்பிட வருகிறவர்களோடு சண்டை வந்தால் வரட்டும். நான் போடாத சண்டை அது.

நேற்று நல்ல வெயிலில் எழுந்து வாசலில் போய் நின்றார். "ஏட்டி, நான் இனிமேதான் வேலைக்குப் போகணுமா, போய்ட்டு வந்துட்டனா?"

"வந்துட்டீக. படுங்க."

நம்பி வந்து படுத்துக்கொண்டார். செத்த நேரத்தில் எழுந்து வாசலுக்குப் போய், அதையே கேட்டார்.