ஆர்லிஸ் முகம் பார்த்துப் பேசிய கதை

ஆர்லிஸ் கட்லிப்பைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரே சுரங்கத்தில், ஒரே ஷிப்டில் நிலக்கரி வெட்டியவர்கள் நாங்கள். சுரங்கம் மூடியபின் எங்கள் மலையூரான ரெட் லாரலில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். மீதிப் பேர் மலையைக் காட்டிப் பிழைக்கக் கற்றுக்கொண்டோம். கீழே ஆற்றில் ரப்பர் படகு, நிலக்கரி ரயில் போன தடத்தில் சைக்கிள், பள்ளத்தாக்கின் குறுக்கே கம்பியில் தொங்கிக்கொண்டு அலறுவதற்கென்றே ஒரு கூட்டம். எங்கள் அம்மாக்கள் மாவு வாங்கிய சுரங்கக் கம்பெனிக் கடையில் இப்போது ஐஸ்கிரீம் விற்கிறார்கள். பழைய சுரங்கத்தின் முதல் அரை மைலை மட்டும் சுத்தம் செய்து, நாங்கள் வேலைக்குப் போன அதே குட்டி ரயிலில் வெளியூர்க்காரர்களை உள்ளே கூட்டிப்போகிறோம். வண்டி ஓட்டுவது ஓக்கியாகிய நான், கதை சொல்வது ஆர்லிஸ்.

அவனைப்போலப் பேச இந்த மலையில் ஆள் கிடையாது. வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வருவார்கள். மனைவியை இழந்து பல வருஷமாகிவிட்டது. பீன்ஸும் சோள ரொட்டியும் தவிர வேறு சமைக்கத் தெரியாது. அது போக அவனிடம் வேறு குறை இருப்பதாக எனக்குத் தெரியாது, கோரின் வரும்வரை.

கோரின் ஒஹையோ சமவெளிக்காரி. பனி உருகிய மாதத்தில் வந்து, ரயில் தடத்தின் முனையில் சைக்கிள் வாடகைக் கடை போட்டாள். ஐம்பதைத் தாண்டியவள்தான், ஆனால் அவள் மேட்டில் மிதித்துப் போனால் பின்னால் போகிற வாலிபர்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். சுரங்கத்துக்குள் மட்டும் வரமாட்டேன் என்றாள். தலைக்கு மேல் வானம் இல்லாவிட்டால் மூச்சு முட்டுமாம்.

ஆர்லிஸ் அவளைப் பார்த்த அன்றே விழுந்துவிட்டான். பிறகு சைக்கிள் பழகுகிறேன் என்று நிஜமாகவும் பலமுறை விழுந்தான். காலையில் பெப்பரோனி இறைச்சி அடைத்த ரொட்டியைச் சூட்டோடு கொண்டுபோய்க் கொடுப்பான். அந்தக் காலத்தில் நிலக்கரியைச் சுட்டுக் கல்கரி எடுத்த, பாசி பிடித்த பழைய அடுப்புகள் வரைக்கும் அவளோடு ஓட்டிப்போய் வந்தால், அன்று முழுக்க வாயில் சீட்டிதான். சுரங்கத்துக்குள் சீட்டியடிப்பது ஆகாது என்று நான்தான் அதட்ட வேண்டியிருந்தது.

இலை சிவக்கும் மாதத்தில் தலையில் இடி விழுந்தது. கடையை மூடிவிட்டுக் கோரின் ஊருக்கே திரும்பப் போகிறாள் என்றார்கள். ஆர்லிஸ் கதை சொல்லும்போது நடுவில் நின்று நின்று போனான், யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பொறுக்காமல் நேராகப் போய் அவளிடம் காரணம் கேட்டேன்.

“ஓக்கி, வெக்கத்த விட்டே சொல்றேன். அவருக்காகத்தான் இவ்ளோ நாளு இருந்தேன். ஆனா ஒரு தடவகூட அவரு என் மூஞ்சியப் பாத்துப் பேசினதில்ல. நான் வாயத் தெறந்தா அந்தப் பக்கம் திரும்பிக்கிறாரு. இந்த மூஞ்சி புடிக்கலன்னா அவரு முன்னாடி வந்து வந்து நிக்க எனக்கென்ன தலையெழுத்தா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு புகாரா? வீட்டுக்குப் போய் என் மனைவி வெல்டாவிடம் பொரிந்து தள்ளினேன். ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“யோவ், நீ இப்ப யாருகிட்ட பேசிக்கிட்டிருக்க?”

“உன்கிட்டத்தான்.”

“நான் இங்க இருக்கேன். நீ ஜன்னல்கிட்ட பேசுற. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து ஜன்னல்கிட்டயும் கதவுகிட்டயுந்தான் பேசுற. எங்கப்பாவும் அப்படித்தான், அதனால எனக்குப் பழகிப்போச்சு. அந்தப் பொம்பளைக்கு எப்படிய்யா தெரியும்?”

விளக்கிச் சொல்லச் சொன்னேன். உன் மண்டையில் இது ஏறாது, நாளைக்கு முதல் வண்டியில் இரண்டு இடம் வை என்று மட்டும் சொல்லிவிட்டு ஆப்பிளை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் வெல்டா கோரினைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஊரை விட்டுப் போகிறவள் ஒருமுறையாவது உள்ளே போய்ப் பார்க்காமல் போவதா என்று மடக்கியிருக்கிறாள். விளக்குத் தொப்பியை மாட்டும்போது கோரின் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள். ஆர்லிஸ் அவளைக் கண்டதும் வண்டியின் மறுகோடியில் ஏறிக்கொண்டான். உள்ளே போய் நிறுத்தினேன். அவன் தினமும் சொல்வதையே சொன்னான்.

“எல்லாரு நெத்தியிலயும் வெளக்கு இருக்கு. பக்கத்து ஆள நேராப் பாத்தீங்கன்னா அவரு கண்ணு கூசி ஒண்ணும் தெரியாமப் போயிரும். அதனால பேசும்போது மூஞ்சியத் திருப்பிக்கணும். இங்க அதுதான் மரியாத.”

தினமும் கேட்கிற பேச்சு, அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. வேலை முடிந்ததும் விளக்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம். விளக்கு இல்லை என்பது கழுத்துக்கு மட்டும் தெரியவில்லை, அது திரும்பிக்கொண்டே இருந்தது.

கோரின் எழுந்து, வண்டி நிறைய ஆட்கள் பார்க்க, அவனிடம் நடந்து போனாள். அவள் விளக்கு முகத்தில் விழுந்ததும் அவன் சட்டென்று திரும்பிக்கொண்டான்.

“வெளிய நெத்தியில வெளக்கே இல்லையே ஆர்லிஸ். அங்க ஏன் திரும்பிக்கிறீங்க?”

“நானா? திரும்பிக்கிறேனா?” என்று நிலக்கரிச் சுவரைக் கேட்டான். பாவம், அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. வெல்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கோரின் தன் தொப்பியைக் கழற்றி, வெளிச்சம் சுவரில் படும்படி கீழே வைத்தாள். அவன் தொப்பியையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே தொப்பியைக் கழற்றக் கூடாது என்பது சட்டம். நான் தடுத்திருக்க வேண்டும், ஆனால் அந்த நேரம் பார்த்து எனக்கு பிரேக்கில் ஏதோ கோளாறு இருப்பதாகத் தோன்றியது.

“இப்ப பாருங்க” என்றாள்.

முதலில் அவள் தோளைப் பார்த்தான். பிறகு கன்னத்தை. பிறகு நேராகக் கண்ணைப் பார்த்தவன் பார்த்துக்கொண்டே இருந்தான். தலைக்கு மேல் வானம் இல்லை என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

“உன் கண்ணு பச்சையா? இத்தன நாளு தெரியாமப் போச்சே” என்றான்.

கடை மூடவில்லை. மறு வசந்தத்தில் கல்கரி அடுப்புகளின் முன்னால் கல்யாணம் நடந்தது, ஊரே சைக்கிளில் வந்தது. பழக்கம் மட்டும் போகவில்லை. மற்ற எல்லோரிடமும் ஆர்லிஸ் இன்னும் பக்கவாட்டில்தான் பேசுகிறான். கோரினிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், தலையிலிருக்கும் சாதாரணத் துணித்தொப்பியை முதலில் கழற்றுகிறான். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துப் பேசுகிறான். வெளியூர்க்காரர்கள் அவன் ஜெபம் செய்கிறான் என்று நினைத்து ஒதுங்கிப் போகிறார்கள்.

பார்க்கப் பார்க்க எனக்கும் ஆசை வந்தது. ஒருநாள் சாயங்காலம் வாசலிலேயே தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே போய், வெல்டாவை நேராகப் பார்த்து, இன்றைக்கு ஆற்றில் நல்ல கூட்டம் என்றேன். அவள் முகம் குப்பென்று சிவந்துவிட்டது. சும்மா இருய்யா என்று அவள்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.